அம்பு பட்ட மான்

வேட்டையைப் பாடியவரும் எழுதியவரும் பெரும்பாலும் வில் வளைந்த கணத்தையே பெரிதாகக் கூறினர். குறி தப்பாத கை, விரைந்த கணை, வீழ்ந்த விலங்கு என்று மூன்றே அடியிற் கதை முடிந்துவிடும். உண்மை அதுவன்று. அம்பு பட்ட மான் பட்ட இடத்திலேயே விழுவது அரிது. நெஞ்சிற் பட்ட மானும் சிறிது தூரம் பாய்ந்தோடியே விழும். வயிற்றிலோ தொடையிலோ பட்டது காதக் கணக்கிற் செல்லும். அதனைத் தேடிப் போகும் வேடனுக்குப் பொழுது சாயும், நாவறளும், வழியும் மறந்துபோகும். அம்பு பட்ட இடத்துக்கும் மான் விழுந்த இடத்துக்கும் நடுவிலுள்ள அந்தத் தூரத்தைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதப் புகுந்தோம். பொருள் சிறிது என்று பெரியோர் எண்ணக்கூடும். ஆயினும் நம் இதிகாசத்தின் தொடக்கம் அத்தூரத்திலேதான் கிடக்கின்றது என்பதை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

பாண்டவர்க்குப் பின் அத்தினாபுரத்தை ஆண்டவன் அபிமன்யுவின் மைந்தனாகிய பரீட்சித்து மன்னன். அவன் தக்ககன் என்னும் நாகத்தால் இறந்தான் என்பதும், முனிவர் ஒருவரின் கழுத்தில் இறந்த பாம்பை இட்டதே அதற்குக் காரணம் என்பதும் நம் இளைஞர் அனைவரும் கேட்ட கதையே. ஆனால் அவன் அம் முனிவரிடம் ஏன் போனான்? பாகவதம் கேட்டவர்கள், வேட்டையாடிக் களைத்துத் தண்ணீர் கேட்கப் போனான் என்பர். மகாபாரதத்தின் ஆதிபருவத்தைப் பார்த்தால் அங்கே வேறொரு காரணமும் இருக்கின்றது. மன்னன் ஒரு மானை எய்தான். அம்பு பட்டது; மான் ஓடிற்று. அவனால் எய்யப்பட்ட மான் எதுவும் அதற்கு முன் உயிரோடு காட்டினுள் தப்பியதில்லையாம். இது தப்பியது. அதனைத் தேடி அடர்வனத்துட் புகுந்து, பசியும் விடாயும் வருத்த, மாட்டுக் கொட்டில் ஒன்றிலிருந்த சமீக முனிவரைக் கண்டான். தன் பெயரையும் குலத்தையும் கூறி, தன் அம்பு பட்ட மான் இவ்வழி வந்ததா என்றுதான் கேட்டான். முனிவர் மௌன விரதம் பூண்டிருந்தார். விடை வரவில்லை. பாம்பை எடுத்துப் போட்டான். முனிவரின் மகன் சிருங்கி சபித்தான்; ஏழு நாளில் எல்லாம் முடிந்தது.

மன்னனின் மகன் சனமேசயன் பழிவாங்கச் செய்த சர்ப்பயாகத்திலேயே வைசம்பாயனர் பாரதத்தை உரைத்தார். மன்னன் இறப்பை எதிர்நோக்கிக் கங்கைக் கரையில் இருந்த ஏழு நாளிலேயே சுகர் பாகவதத்தை உரைத்தார். ஆக, இப்பெரும் நூல்கள் இரண்டும் நம் காதில் விழுவதற்கு ஏதுவாயிற்று ஒரு மான். அதுவும் தேடிக் கிடையாத மான். அது பின்பு என்னவாயிற்று என்று வியாசர் கூறவில்லை. மன்னனின் முடிவுக்கு முன்னறிகுறியாக அது மறைந்தது என்ற அளவில் விட்டுவிடுகின்றார்.

இவ்விடத்திலே பாரதம் ஓர் உவமையும் சொல்கின்றது. வானத்திலே வேள்வியாகிய மானை எய்துவிட்டு உருத்திரன் அதனைப் பின்தொடர்ந்தது போல மன்னன் தொடர்ந்தான் என்பது அது. இது வேதகாலக் கதை. ஐதரேயப் பிராமணத்தில், மான் வடிவெடுத்த பிரசாபதியை உருத்திரன் எய்த செய்தி வருகின்றது. அந்த மானே மிருகசீரிடம், தமிழில் மான்றலை. வேடன் அதன் பின்னே ஒளிவிடும் பெரிய விண்மீன். மேனாட்டார் அதனைச் சிரியசு என்பர். இரண்டுக்கும் இடையில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களே அம்பு. மார்கழி, தை மாதத்து இரவுகளில் நம் வீட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் எவரும் இவற்றைக் காணலாம். மார்கழி என்ற மாதப் பெயரே மிருகசீரிடத்திலிருந்து வந்ததுதான். வேடன் இன்னும் தொடர்கின்றான். மானும் இன்னும் விழவில்லை.

பரீட்சித்து கேட்ட அதே கேள்வியைத் தமிழ்நாட்டு மலைச்சாரலில் வேறொருவன் கேட்கின்றான். அவன் கபிலரின் குறிஞ்சிப்பாட்டுத் தலைவன். தினைப்புனம் காத்து, அருவியாடி, பூக்குவித்து இருந்த மகளிரிடம் அவன் வருகின்றான். அவனுடைய வேட்டை நாய்கள் அவர்களைச் சூழ்ந்து வெருட்டுகின்றன. நாய்களை அடக்கிவிட்டு, தன்னிடமிருந்து தப்பிய விலங்குகள் இப்பக்கம் வந்தனவா என்று வினவுகின்றான். மகளிர் வாய் திறக்கவில்லை. இங்கும் மௌனம்! ஆனால் இவன் பாம்பைத் தேடவில்லை. தப்பிய விலங்கைப் பற்றிச் சொல்லாவிட்டாலும் போகட்டும், என்னோடு ஒரு சொல் பேசுவதும் குற்றமாகுமோ என்ற கருத்துப்படப் பணிந்து கேட்கின்றான். ஒரே கேள்வி, ஒரே மௌனம். ஒருவனுக்குச் சாபமும் மற்றவனுக்குக் காதலும் கிடைத்தன.

இக்கேள்வி அகத்துறைகளுள் ஒன்றாகவே நிலைத்துவிட்டது. கெடுதி வினாதல் என்பர். கெடுதி என்பது இங்கே தீங்கன்று. கைதவறிப் போன பொருள். மணிவாசகரின் திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்ற துறைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அம்பு பட்ட யானை வந்ததா, புண்பட்ட கலைமான் வந்ததா என்று தலைவன் ஏதேதோ கேட்கின்றான். தோழி சிரித்துக்கொள்கின்றாள், வந்தவன் தேடுவது மானன்று என்பது அவளுக்குத் தெரியும். உரையாசிரியர்கள் இதனைத் தலைவன் பேச்சுத் தொடங்க எடுத்த சாட்டு என்றே கொள்வர். அது சரிதான். ஆயினும், சாட்டுக்கும் ஓர் இயல்பு உண்டன்றோ? கேட்பவர் நம்பத்தக்கதே சாட்டாகும். புண்பட்ட மானைத் தேடிக்கொண்டு ஒருவன் பிறர் புனத்துள் நுழைவதும், அங்குள்ளாரை நிறுத்தி வினவுவதும் குறிஞ்சி நிலத்திலே நாள்தோறும் நடந்த வழக்கமாயிருந்தாலன்றி அது துறையாகியிராது. எய்த மானைத் தேடாமல் விடுவது அக்காலத்தவர்க்கு இழுக்கு என்பதையே இத்துறை நமக்குக் காட்டுகின்றது என்பது எம் கருத்து.

தேடும் முறை எத்தகையது? அது ஒரு கல்வி. எல்லாத் தேசத்து வேட்டுவரும் ஏறக்குறைய ஒரே பாடத்தையே படித்திருக்கின்றனர். அம்பு பட்டவுடன் ஓடிப் போகக் கூடாது. மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ட புதரையும் மனத்திற் குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். துரத்தப்படாத மான் சிறிது தூரம் சென்று படுத்துவிடும். படுத்தபின் எழுவது அதற்கு அரிது. அவசரப்பட்டுத் துரத்தினாலோ எழுந்தோடும். பின்பு நாள் முழுவதும் நடந்தாலும் அகப்படாது. காத்திருந்தபின் பட்ட இடத்துக்குச் சென்று மயிரையும் இரத்தத்தையும் பார்க்க வேண்டும். இரத்தம் இளஞ்சிவப்பாய் நுரை கலந்திருந்தால் அம்பு நுரையீரலிற் பட்டது. மான் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாயிருந்தால் ஈரல், இன்னும் பொறுக்க வேண்டும். பச்சை நிறமும் புளித்த நாற்றமும் கலந்திருந்தால் இரைப்பை; பல மணி நேரம் பொறுக்க வேண்டும். இளைஞர்க்கு இதுவே கடினமான பாடம். சுவட்டின் மேல் நடக்காமல் அதன் பக்கமாக நடக்க வேண்டும். கடைசித் துளியைக் கண்ட இடத்தில் ஒருவன் நிற்க, மற்றவன் முன்னே சென்று அடுத்த துளியைத் தேட வேண்டும். துளி முற்றாக அற்றுப்போனால் அவ்விடத்தை நடுவாக வைத்து வட்டம் சுற்ற வேண்டும். இலையின் அடிப்பக்கத்தில், மான் உரசிச் சென்ற செடியின் இடுப்பளவு உயரத்தில், ஒரு கறை அகப்படும்.

இக்கல்வியை நம் முன்னோர் வேடனுக்கு மட்டும் உரியதென்று விட்டுவிடவில்லை. மனுநீதி நூலின் எட்டாம் அத்தியாயம் அரசன் வழக்கு விசாரிக்கும் முறையைக் கூறுவது. அங்கே, இரத்தத் துளிகளைக் கொண்டு வேடன் மான் சென்ற இடத்தை அடைவது போல, அரசன் அனுமானத்தைக் கொண்டு அறம் எப்பக்கம் என்பதை அடையவேண்டும் என்ற கருத்து வருகின்றது. அரசன் நேரிற் கண்டிலன். ஓடிய மானை வேடனும் காண்கின்றானில்லை. கண்டது துளி, காணாதது மான். துளியிலிருந்து மானுக்குப் போவதே விசாரணை. நீதிமன்றத்துக்கு இதனினும் பொருத்தமான உவமையை எந்நாட்டுச் சட்ட நூலிலும் நாம் கண்டதில்லை. மார்க்கம் என்ற வடசொல்லுக்கும் மிருகம் என்ற சொல்லோடு உறவு கூறி, விலங்கின் தடம் என்பதே அதன் முதற்பொருள் என்று அகராதியாளர் எழுதியுள்ளனர். ஞானமார்க்கம், பத்திமார்க்கம் என்று நாம் சபைகளிற் பேசும்போது காட்டில் குனிந்து நடந்த வேடனை எவரும் நினைப்பதில்லை.

இனி, தேடிச் சென்றவன் ஓரிடத்தை அடைகின்றான். அங்கே மானின் மேல் வேறொருவன் கைவைத்து நிற்கின்றான் என்று கொள்வோம். மான் யாருக்கு? அதே மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம் இதற்கும் விடை கூறுகின்றது. காட்டை வெட்டித் திருத்தியவனுக்கு வயல் உரியது. முதலில் அம்பு பாய்ச்சியவனுக்கு மான் உரியது என்பதே பழைய கொள்கை. முன்னொருவன் எய்த புண்ணிலேயே பின்னொருவன் எய்தால் பின்னவன் அம்பு வீண். சிவபெருமானும் அருச்சுனனும் வேடனாகவும் தவசியாகவும் நின்று ஒரு பன்றிக்காகப் பொருத கதையில், நான் முதலில் எய்தேன் என்ற பேச்சு எழுவது இக்கொள்கையினாலேயே. பாரவி பாடிய காவியத்தில் அது ஏறக்குறைய ஒரு வழக்காடலாகவே நடக்கின்றது. மானன்று, பன்றிதான், சட்டம் ஒன்றே.

மேற்கே உரோமர் இக்கேள்வியை எடுத்து நுணுகி ஆராய்ந்தனர். சிசெரோவின் நண்பரான திரெபாதியசு என்னும் சட்ட அறிஞர், காயப்பட்ட விலங்கு காயப்படுத்தியவனுக்கே உரியது, ஆனால் அவன் பின்தொடரும் வரைதான் என்றார். தொடர்வதை நிறுத்திவிட்டானா, உரிமையும் நின்றுவிடும். பிறகு பிடிப்பவன் எவனோ அவனுக்கே. அவன் தொடர்ந்துகொண்டிருக்கையில் வேறொருவன் கவர்ந்தால் அது களவு. பெரும்பாலோர் இதனை ஏற்கவில்லை. காயப்பட்டது தப்பியோடவும் கூடும். ஆதலாற் கையிற் பிடித்தாலன்றி உரிமையில்லை என்றனர். 533ஆம் ஆண்டில் யுஸ்தீனியன் பேரரசர் வெளியிட்ட சட்டநூல் இவர்கள் பக்கமே சாய்ந்தது. நம் இலங்கையின் பொதுச்சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டத்துக்கு வேர் அந்நூல்களிலேதான் இருக்கின்றது.

நம்மைக் கேட்டால் தோற்றுப்போன திரெபாதியசின் கருத்தே மேலானது என்போம். மனுநூல் அம்பைப் பார்த்தது. யுஸ்தீனியன் கையைப் பார்த்தான். இவர் ஒருவரே கால்களைப் பார்த்தார். நூற்றாண்டுகள் கழிந்தும் அவர் கருத்து சாகவில்லை. இத்தாலியில் ஆட்சி செய்த லொம்பார்டியரின் அரசன் ரொதாரி 643ஆம் ஆண்டில் எழுதுவித்த சட்டத்தில், எய்த கலைமான் எய்தவன் திரும்பிய வேளையிலிருந்து 24 மணி நேரம் அவனுக்கே உரியது என்று விதித்தான். அதற்குப்பின் கண்டெடுப்பவன் குற்றவாளியல்லன். பிறன் காயப்படுத்திய விலங்கைக் கண்டு கொண்டுவந்து சேர்ப்பவனுக்கு வலது முன்தொடையும் ஏழு விலா எலும்பும் கூலி. ஏழு என்று எண்ணி எழுதியிருப்பதைப் பார்க்கும்போது அதற்குமுன் எத்தனை சண்டை நடந்திருக்குமோ என்று தோன்றுகின்றது. 1805இல் நியூ யோர்க்கில் ஒரு நரிக்காக இருவர் உயர்நீதிமன்றம் வரை சென்றனர். துரத்தியதால் மட்டும் உரிமையில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தனர். ஆயின் சாகும்படி காயப்படுத்தி, தொடர்வதையும் கைவிடாதவனுக்கு உரிமை உண்டு எனலாம் என்று அத்தீர்ப்பிலேயே கூறினர்.

தேடாமல் விட்டதால் வந்த கேட்டை இலத்தீன் பயின்றவர்கள் வேர்ஜிலின் காவியத்தில் இருமுறை காண்பர். காதலால் வெந்த தைடோ அரசியை, தூரத்திலிருந்து ஓர் இடையன் எய்துவிட்டுப் போன பெண்மானுக்கு அவர் ஒப்பிடுகின்றார். அம்பு பட்டதே அவ்விடையனுக்குத் தெரியாது. மானோ விலாவில் அம்போடு மலையெங்கும் அலைகின்றது. ஏழாம் காண்டத்தில் ஈனியாவின் மகன் அசுக்கானியசு ஒரு கலைமானை எய்கின்றான். அது சில்வியா என்ற பெண் வளர்த்த மான். இரத்தம் சொரிய அது தன் வீட்டுக்கே ஓடிவந்து அலறுகின்றது. குடியானவர் கோடரியும் தடியும் எடுக்க, இத்தாலியப் போர் மூள்கின்றது. பரீட்சித்தின் மான் ஒரு மன்னனைக் கொண்டுபோயிற்று. இந்த மான் இரு நாட்டுப் படைகளை மோதவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். மான்தேடும் கல்வியில் இலங்கையிலே முதல்வர் வேடர் என்பதில் ஐயமில்லை. 1681இல் நூல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ், வேடர் தமக்கு வேண்டிய அம்பின் வடிவை இலையில் வெட்டி, இறைச்சிச் சுமையோடு இரவில் கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டுப் போவர் என்று எழுதினார். முகம் காணாத வாணிகம். 1911இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட பெருநூல் இன்னும் அரிய செய்திகளைத் தருகின்றது. வேடர்க்குக் காடு பொதுவன்று. குடும்பம் குடும்பமாக எல்லை உண்டு. ஆறோ குன்றோ இல்லாத எல்லையில், வில் வளைத்து நிற்கும் மனிதன் போன்ற குறியை மரத்தில் வெட்டி வைப்பராம். அந்த எல்லையைத் தாண்டி வேட்டையாடலாகாது. ஆனால் தன் நிலத்தில் அம்பு பட்ட மரை பிறன் நிலத்துள் ஓடினால்? தொடர்ந்து செல்லலாம்; கிடைத்த இறைச்சியில் ஒரு பங்கை அந்நிலத்தானுக்குக் கொடுத்துவிட வேண்டும். மனுவும் உரோமரும் இரண்டாயிரம் ஆண்டுகளாக வாதித்த விடயத்தை எழுத்தறியாத இம்மக்கள் எவ்வளவு எளிதாகத் தீர்த்துவிட்டனர்! எய்தவனுக்கும் பங்கு, மான் விழுந்த மண்ணுக்கும் பங்கு. ஜேர்மனியரின் இக்காலச் சட்டத்திலும் காயப்பட்ட விலங்கை வீண் வேதனையின்றி விரைந்து கொல்வது வேட்டைக்காரன் கடமை. அயலான் எல்லைக்குள் தொடர்வதற்கு மட்டும் முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு வேண்டும்.

வேடரின் வழிபாட்டிலும் மரை தேடும் கலை புகுந்திருக்கின்றது. புகழ்பெற்ற வேட்டைக்காரனாக வாழ்ந்து மறைந்த கண்டே யக்கா என்னும் தெய்வத்தை வேட்டை வாய்க்கும்படி அழைப்பர். தெய்வமேறிய பூசகர் குனிந்து தரையைப் பார்த்து, மரையின் குளம்படியை ஒவ்வொன்றாகக் காட்டி, அடிமேலடி வைத்துச் சென்று, கடைசியில் அம்பு தொடுப்பார். வரம் கேட்பதே தடம் பார்த்தலாய் முடிகின்றது. இதனைக் கண்டு எழுதிய மேனாட்டாரும் அந்நடிப்பின் நுட்பத்தை வியந்தனர்.

பின்பு துப்பாக்கி வந்தது. மான்தோலும் கொம்பும் ஏற்றுமதிப் பொருள்களாயின. மலைநாட்டில் வெள்ளைக்காரர் வேட்டை நாய்களைக் கொண்டு மரையைத் துரத்திக் கத்தியாற் குத்தினர். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. பிற்காலத் திருத்தங்களோடு அதுவே இன்றும் நடைமுறையில் உள்ளது. புள்ளிமானையும் மரையையும் கொல்வது இன்று குற்றம். அது வேண்டியதே. ஆயினும் வன்னியிலும் கீழ்மாகாணத்திலும் காட்டோரங்களிற் கம்பிச் சுருக்குகள் இன்னும் வைக்கப்படுகின்றன. பழத்திலோ காயிலோ பொதிந்து வைக்கும் பன்றிவெடியும் உண்டு. சிங்களத்தில் அதனை ஹக்கப் பட்டாஸ் என்பர். பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று கடித்து, தாடை சிதைந்து, உண்ண முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகின்றது. சுருக்கு வைத்தவன் வீட்டில் இருக்கின்றான். அவனுக்குத் துளியுமில்லை, தடமுமில்லை, எவரையும் நிறுத்திக் கேட்கவேண்டிய கேள்வியுமில்லை. அம்பு பட்டதே அறியாத வேர்ஜிலின் இடையனாவது ஒன்றும் அறியாமற் போனான். இவன் அறிந்தே வைத்துவிட்டுப் போகின்றான்.

தம்பனை வேடரின் பழைய வேட்டைக் காடுகளில் பெரும்பகுதி 1983இல் மாதுறு ஓயா தேசிய வனமாயிற்று. அதன் பின் அக்காட்டில் வில்லோடு நுழைவது சட்டவிரோதம். பல குடும்பங்கள் ஹெனானிகலையிற் குடியமர்த்தப்பட்டன. சிலர் தம்பனையை விட்டு நகர மறுத்தனர். மரங்களில் வெட்டிய வில்லாளிக் குறிகளுக்கு அப்பாலுள்ள நிலம் எவனுடையது என்பது அம் முதியோர்க்குத் தெரியும். மரை அங்கே போய் விழுந்தால் எந்தப் பங்கை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதும் தெரியும். இப்போது நிலம் முழுவதற்கும் ஒரே உடையவர் வனசீவராசித் திணைக்களம்.